அறுபதாம் கல்யாணத்துக்குக் குறுக்கே ஒரு வால் நட்சத்திரம்

தலையே போனாலும் சரி, அறுபதாம் கல்யாணம் மட்டும் செய்துகொள்வதில்லை என்று தியாகேசன் முடிவு கட்டிவிட்டார். முடிவை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மனைவி மங்களாம்பிகை காதில் விழும். விழுந்தால் அந்த முடிவுக்கே முடிவு வந்துவிடும்.

குத்தாலம் பக்கத்தில் ஐந்து ஏக்கர் வைத்துச் சாகுபடி செய்கிறவர். வரப்புப் பாம்புக்கும் வராத காவிரிக்கும் அசராதவர். அவரையே கலங்கடித்தது, போன வருஷம் திருக்கடையூரில் நடந்த பெரியப்பா மகனின் அறுபதாம் கல்யாணம். அண்ணனைச் சட்டையில்லாமல் உட்கார வைத்துக் குடம் குடமாகத் தலையில் ஊற்றினார்கள். வெடவெடத்துக்கொண்டே அவர் தாலி கட்டினால், போட்டோக்காரன் விடவில்லை. "சார், இன்னொரு தடவை கட்டுங்க! அம்மா, கொஞ்சம் வெட்கப்படுங்க!" அந்த வீடியோ பாட்டோடு சேர்ந்து சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. தியாகேசனோ பிறவிக் கூச்சக்காரர். கண்ணாடி முன்னால் நின்றாலும் கழுத்துக்குக் கீழே பார்க்க மாட்டார். அந்தத் தொப்பையைச் சம்பந்தி வீட்டார் முன்னால் விரித்து வைக்க எப்படி மனசு வரும்?

மங்களாம்பிகைக்கு இருந்த ஆசையோ அது ஒன்றுதான். நகை கேட்டவள் இல்லை, ஊர் சுற்றிக் காட்டச் சொன்னவள் இல்லை. இதை மட்டும் ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். தியாகேசன் குரோதி வருஷம் புரட்டாசி அனுஷத்தில் பிறந்தவர். அந்தக் குரோதி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடியும் வந்து நின்றது. நாளை மாற்ற வழியே இல்லை.

"புரட்டாசியில யாராவது கல்யாணம் பண்ணுவாங்களா?"

"சின்னஞ்சிறுசுகளுக்குத்தான் பண்ண மாட்டாங்க. நீங்க பொறந்த மாசத்துக்கு நான் என்ன பண்றது?"

"சம்பா நடவு இருக்கே."

"ஆளுக்குச் சொல்லியாச்சு. அதுக்குள்ள முடிஞ்சிடும்."

இப்படி எல்லா வழியும் அடைபட்டுக் கிடந்த சமயத்தில்தான் பேப்பரில் அந்தச் செய்தி வந்தது. விடியற்காலையில் கிழக்கே வால் நட்சத்திரம் தெரிகிறதாம், வெறும் கண்ணாலேயே பார்க்கலாமாம். தியாகேசன் பேப்பரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு முகத்தை நீளமாக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனார்.

"மங்களா, மோசம் போச்சு. வானத்துல தூமகேது கிளம்பியிருக்கு. அது தெரியிற வரைக்கும் சுபகாரியம் கூடாது."

"யார் சொன்னா?"

"சாஸ்திரம்."

"எந்தச் சாஸ்திரம்?"

"சாஸ்திரத்துக்கெல்லாம் பேர் கேப்பாங்களா?"

அழுவாள், இல்லாவிட்டால் கரண்டியைத் தூக்கி எறிவாள் என்று எதிர்பார்த்தார். அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"தெரியிற வரைக்கும்தானே?"

"ஆமா. தெரியிற வரைக்கும்."

"சரி, நாளைக்கு எழுப்புறேன். எங்க இருக்குன்னு காட்டுங்க."

எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? மறுநாள் கருக்கலில் மொட்டை மாடியில் நின்று, தியாகேசன் தைரியமாகக் கையை நீட்டினார். "அதோ!"

"அது செல்போன் டவருங்க."

பிறகு சிங்கப்பூரில் இருக்கும் மருமகள் பூர்ணிமா, வீடியோ காலில் சொல்லிக்கொடுத்து மாமியார் போனில் ஒரு ஆப்பை ஏற்றிவைத்தாள். போனை வானத்தைப் பார்த்துப் பிடித்தால் எது என்ன என்று அது சொல்லும். அடுத்த நாளே மங்களாம்பிகை கண்டுபிடித்துவிட்டாள். தென்னந்தோப்புக்கு மேலே, விபூதியை ஒரு விரலால் இழுத்துவிட்ட மாதிரி ஒரு கோடு. பொய் சொல்லிக் கூட்டிவந்த இடத்தில் இவ்வளவு அழகாக ஒன்று இருக்கும் என்று தியாகேசன் நினைக்கவே இல்லை.

அன்றிலிருந்து பொறுப்பு அவளுடையது. கையை நேராக நீட்டி விரலை மடக்கி அளந்தாள். "மட்டைக்கு மேல ஒரு கைப்பிடி உசரம்." பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு வெளிச்சத்தையும் பார்த்தாள்.

"நேத்தைவிட பளிச்சுன்னு இருக்கு பாத்தியா?" என்றார் தியாகேசன், மனசுக்குள் மேடையைப் பிரித்துப் போட்டுக்கொண்டே.

"ஆமாங்க. வாலும் நீண்டிருக்கு."

அந்தச் சந்தோஷத்தில் இன்னொரு டம்ளர் காப்பி குடித்தார்.

பக்கத்து வீட்டு ஜன்னத் பீவி, தொழுகைக்கு எழுந்தவள், தன் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்ன தம்பி, சின்னப் பசங்க மாதிரி ரெண்டு பேரும் மாடியில?"

"தூமகேது, அக்கா. ரொம்பக் கெட்டதுன்னு இவகிட்ட நீங்களாவது சொல்லுங்களேன்."

"நல்லாருக்கே! உங்க கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை எடுத்து ஜாக்கெட்டுக்கும் குடுத்தாச்சு. இப்ப வந்து கெட்டதுங்கிறீங்க!"

பனி விழுகிறது என்று மங்களாம்பிகை தன் சால்வையால் அவர் தலையைச் சுற்றிவிடுவாள். வால் நட்சத்திரத்தில் தொடங்கிய பேச்சு, பையன் சதீஷ் நடக்கப் பழகியது, வெள்ளத்தில் நாற்று போன வருஷம் என்று எங்கெங்கோ போகும். ஒரு நாள், "உனக்கு ஏன் இவ்வளவு ஆசைன்னு நீங்க கேக்கவே இல்லையே?" என்றாள்.

"சொல்லு."

"அப்ப தாலி கட்டும்போது நீங்க ஐயரையேதான் பாத்தீங்க. ஒரு தடவை என் மூஞ்சியப் பாத்துக் கட்டணும். வேற ஒண்ணும் வேணாம்."

தியாகேசனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் தொப்பை தொப்பைதானே. அவர் பேச்சை வாலுக்கு மாற்றினார்.

அந்த வாலோ நாளுக்கு நாள் இறங்க ஆரம்பித்தது. கைப்பிடி போய் மூன்று விரற்கடை ஆனது, மூன்று போய் ஒன்று ஆனது. வெளிச்சம் கூடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கண்டுபிடிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும்.

"எங்கடி போகுது அது?" அவர் குரலில் கவலை.

மங்களாம்பிகை கொண்டையிலிருந்து ஊசியை உருவிக் காட்டினாள். "இதுதான் அது போற பாதை. இந்த வளைவுக்குள்ள சூரியன். இந்தக் காலு வழியா வரும்போது நமக்கு விடியக்காலம் தெரிஞ்சுது. அந்தக் காலு வழியா திரும்பிப் போறப்ப சாயங்காலம் மேற்கால தெரியும். நடுவுல கொஞ்ச நாள் சூரியன் வெளிச்சத்துல காணாமப் போயிடும். அந்த நடுவுலதான் உங்க அனுஷம் வருது."

தியாகேசன் ஊசியைப் பார்த்தார். தன் கல்யாணம் அந்த வளைவில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

"தெரியலைன்னாலும் அது அங்க இருக்குமேடி!"

"இருக்கட்டுமே. உங்க தொப்பைகூடத்தான் இத்தனை வருஷமா சட்டைக்குள்ள இருக்கு. தோஷம்னு யாராவது சொன்னாங்களா?"

அவளுக்கு அதுவும் தெரிந்திருக்கிறது! தியாகேசனின் கை தானாகச் சட்டையைக் கீழே இழுத்துவிட்டது.

அனுஷத்தன்று திருக்கடையூரில் குடம் குடமாக ஊற்றினார்கள். அவரும் வெடவெடத்தார். சம்பந்தி வீட்டார் முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தார்கள். தாலியை எடுத்துக் கொடுத்தபோது, "சார், இங்க பாருங்க, கேமராவைப் பாருங்க!" என்று போட்டோக்காரன் கத்தினான். தியாகேசன் பார்க்கவில்லை. மங்களாம்பிகையின் முகத்தைப் பார்த்தார். நரைத்த வகிடு, ஈரத்தில் கரைந்த குங்குமம், யாரும் சொல்லித்தராமலே வந்த வெட்கம். எதற்காக இத்தனை நாள் ஓடி ஒளிந்தோம் என்று அவருக்கே விளங்கவில்லை. முடிச்சுப் போடுகிற வரை கண்ணை எடுக்கவில்லை.

சில நாள் கழித்து, பொழுது சாய்ந்ததும் இருவரும் மாடி ஏறினார்கள். மேற்கே, நட்டு முடித்த வயல்களுக்கு மேலே, அவள் சொன்ன மாதிரியே அது வந்து நின்றது. முன்னைக்கு இப்போது வால் இன்னும் நீளம்.

"ஏன் மங்களா, அன்னைக்கு இது தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"கல்யாணம்தான். நீங்க சொன்ன அன்னைக்கே கோயில் குருக்களுக்குப் போன் போட்டுட்டேன். 'இருக்கிற கல்யாணக் கூட்டத்துல மேல பாக்க எங்களுக்கு நேரம் ஏதும்மா'ன்னு சிரிச்சாரு."

"அடிப்பாவி! அப்ப எதுக்கு என்னைத் தினம் விடியறதுக்கு முன்னால எழுப்பின?"

"இழுத்துக்கிட்டுப் போனா மேடையில மூஞ்சி தொங்கும். நீங்களா வரணும்னு நெனைச்சேன். அதோட, வயலு வாய்க்கால்னு ஓடாம, என் பக்கத்துல இப்படி உக்காந்து நீங்க எப்பங்க பேசியிருக்கீங்க?"

பக்கத்து மாடியில் ஜன்னத் பீவி இருக்கிறாளா என்றுகூடப் பார்க்காமல் தியாகேசன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். எத்தனை பெரிய கண்டத்தைத் தாண்டியாகிவிட்டது! இனி வாழ்நாளெல்லாம் சட்டையோடு நிம்மதியாக இருக்கலாம்.

"இது மறுபடி எப்ப வருமாம்?" என்றார்.

"இனிமே வராதாம். வந்தாலும் எண்பதாயிரம் வருஷம் ஆகுமாம்" என்றாள் மங்களாம்பிகை. "அதனால எழுபதாம் கல்யாணத்துக்கு வேற சாக்கு யோசிச்சு வைங்க. குருக்கள்கிட்ட நான் இப்பவே சொல்லி வச்சுட்டேன்."