ஹாஸ்டல் துவைகல்லில் டங்ஸ்டன்

இந்த நாட்டின் மிக வளமான டங்ஸ்டன் இருப்பைக் கண்டுபிடித்தவள் நான். கிட்டத்தட்ட ஒரு வாரம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அது ஒரகடத்தில், நான் தங்கியிருந்த பெண்கள் ஹாஸ்டலின் பின்புறம், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. நான் அதைக் கண்டுபிடித்த நேரத்தில் அதன்மேல் என் அறைத்தோழி முத்துமாரியின் கம்பெனி யூனிஃபார்ம் சோப்பு நுரையோடு கிடந்தது.

எம்.எஸ்ஸி. ஜியாலஜி முடித்துவிட்டு நான் சேர்ந்த முதல் வேலை அது. சேரப்பணஞ்சேரியில் ஒரு டயர் கடையின் மாடியில் இயங்கிய சுரங்க ஆய்வு நிறுவனம். 'இயங்கிய' என்பது பெரிய வார்த்தை. எம்.டி. சார் ஒருவர், நான் ஒருத்தி, துளை போடும் இயந்திரத்தோடு வாடகைக்கு வந்த ஆட்கள், ஒரு மின்விசிறி. எம்.டி. சார் அதற்கு முன்னால் ஊர் ஊராகப் போர்வெல் போட்டவர். "இத்தினி வருஷம் தண்ணிக்குத் துளை போட்டேன். எப்பவாவது வந்துச்சு. இனிமே கனிமத்துக்குப் போடுவோம்மா" என்றுதான் நேர்முகத் தேர்வில் என்னிடம் சொன்னார். (அந்தத் தேர்வில் அவர் கேட்ட ஒரே கேள்வி, "வெயில் தாங்குவியா?")

தேடியது இரண்டு பொருள்கள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் மண்ணுக்கடியில் பழங்கால இலைகளின் அச்சு பதிந்த பாறை அடுக்குகள் உண்டு. இலை இருந்தால் காடு இருந்திருக்கும், காடு இருந்தால் நிலக்கரி இருக்கலாம் என்பது முதல் நம்பிக்கை. கொஞ்ச தூரம் தள்ளி இருக்கிற ஒரு மொட்டைப் பாறைக் கரட்டில் டங்ஸ்டன் கிடைக்கலாம் என்பது இரண்டாவது. "எதுக்கு சார் ரெண்டு?" என்று கேட்டேன். "ஒண்ணு இல்லன்னா இன்னொண்ணு" என்றார். இதைவிடத் தெளிவான வணிகத் திட்டத்தை நான் அதற்குப் பிறகும் கேட்டதில்லை.

கோவில்பட்டியில் இருந்த அப்பாவுக்கு இதில் துளி நம்பிக்கையும் இல்லை. ஒரு வருஷத்துக்குள் கம்பெனி காலூன்ற வேண்டும், இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்பி வங்கித் தேர்வுக்குப் படிக்க வேண்டும் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். அவர் சும்மா இருக்கவில்லை. கோச்சிங் சென்டரில் என் பெயரைப் பதிந்துவிட்டார். அவர்கள் இலவசமாகக் கொடுத்த பையில்தான் வீட்டுக்குக் காய்கறி வந்துகொண்டிருந்தது. வருஷம் முடிய அதிக நாள் இல்லாதபோதுதான் எங்கள் முதல் கற்களைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். எம்.டி. சாரின் கையிருப்பும் அத்தோடு தீர்ந்திருந்தது. முடிவு நன்றாக வந்தால் ஒரு முதலீட்டாளர் வருவார், வேலை தொடரும். வராவிட்டால் துளை போடும் இயந்திரம் கிளம்பிவிடும், நானும் கிளம்ப வேண்டியதுதான்.

இங்கே ஒரு சின்னத் தொழில் விஷயம். லேபுக்குக் கற்களை அனுப்பும்போது நடுவில் ஒரு வெறுங்கல்லையும் சேர்த்து அனுப்புவோம். நாம் தேடும் பொருள் அதில் கிடையாது என்று நமக்குத் தெரியும், லேபுக்குத் தெரியாது. அதிலும் 'இருக்கிறது' என்று முடிவு வந்தால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கல்லின் வேலையே தப்பு நடந்தால் கத்துவதுதான். நான் எதையும் வரிசைப்படி செய்கிறவள். ஹாஸ்டல் துவைகல்லில் ஏற்கெனவே உடைந்து தொங்கிய ஒரு மூலையைத் தட்டி எடுத்து, ஏழு என்று எண் போட்டு, மற்ற கற்களோடு வைத்தேன்.

அடுத்தது அரைப்பது. கல்லை மாவாக்கித்தான் அனுப்ப வேண்டும். எங்களிடம் இயந்திரம் இல்லாததால் தண்டலத்தில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் கெஞ்சி அனுமதி வாங்கினேன். அங்கே அரைக்கும் கிண்ணங்கள் இரண்டு இருந்தன. ஒன்று ஓரம் உடைந்த பீங்கான். மற்றது சாம்பல் நிறத்தில் பளபளவென்று இருந்தது. இரும்பாக இருக்கும் என்று அதை எடுத்தேன். தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. (கல்லைக் கையில் தூக்கிப் பார்த்தே இன்னது என்று சொல்லிவிடுவேன் என்று தோழிகளிடம் பீற்றிக்கொள்கிறவள் நான்.) கரட்டிலிருந்து எடுத்த கற்கள் வெயிலிலும் மழையிலும் இற்றுப்போனவை, சீக்கிரம் மாவாகிவிட்டன. துளையிலிருந்து வந்த கறுப்புப் பாறை இன்னும் சுலபம். துவைகல் மட்டும் ஒத்துழைக்கவே இல்லை. திரும்பத் திரும்பப் போட்டு அரைத்தேன்.

முடிவு நேராக எம்.டி. சாருக்குப் போனது. அவர் என்னைக் கூப்பிட்டபோது பின்னணியில் லாரி ஹாரன்கள் அலறின. வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிட்டுப் பேசியிருக்கிறார்.

"ம்மா, எல்லாத்துலயும் கீது! நெலக்கரித் துளையிலயே டங்ஸ்டன் கீதுன்றான்! கூடவே கோபால்ட்டு வேற. பேட்டரிக்குப் போடறாங்களே, அதானே?"

"ஆமா சார். ஆனா..."

"இரு. ஏழாம் நம்பர்ல அள்ளுதும்மா! ஏழு எங்க எடுத்த?"

எண் போட்ட பட்டியலை எடுத்துப் பார்த்தேன். பிறகு உண்மையைச் சொன்னேன். "சார், அது எங்க ஹாஸ்டல் துவைகல்லு."

அந்தப் பக்கம் அவர் வண்டியை ஓரம் கட்டும் சத்தம் கேட்டது. பிறகு ரகசியக் குரலில், "யாராண்டயும் சொல்லாத" என்றார்.

அன்று மாலை உட்கார்ந்து யோசித்தேன். மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒன்று, லேபின் தப்பு. இரண்டு, என் தப்பு. மூன்று, துவைகல்லில் உண்மையிலேயே டங்ஸ்டன் இருக்கிறது. லேபைக் கேட்டேன். மறுபடி பார்த்துவிட்டு அதே எண்ணைச் சொன்னார்கள், முதல் காரணத்தை அடித்தேன். இரண்டாவதை அதிகம் யோசிக்காமல் அடித்தேன். மிச்சம் மூன்றாவது. கத்துவதற்கென்றே அனுப்பிய கல் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறது. நான் அதைப் பாட்டு என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு என்னைப் பிடித்தது பயமல்ல, ஆர்வம். இந்தக் கல் எங்கிருந்து வந்திருக்கும்? ஹாஸ்டலை நடத்தும் மேரி அக்காவிடம் போனேன்.

"அக்கா, இந்தத் துவைகல்லு எங்க வாங்குனீங்க?"

"இன்னாத்துக்குக் கேக்கற? மூலைய ஒடச்சது நீதானா?"

"அது முன்னாடியே ஒடஞ்சிருந்துச்சுக்கா."

"தொங்கிக்கினு இருந்துச்சு. ஒடயல. ரெண்டும் வேற." பிறகு மனமிரங்கி, "எங்க வூட்டுக்காரு எங்கயோ ஒரு பழைய வூட்ட இடிக்கறப்ப எடுத்தாந்தாரு. அந்த எடத்துல இப்ப கம்பெனி பஸ்ஸு நிக்குது" என்றார்.

பஸ் நிறுத்துமிடத்தில் சுத்தியலோடு குனிந்து குனிந்து நடந்த என்னைக் காவலாளி இரண்டு முறை விரட்டினார். கிடைத்தது ஒரு செங்கல் துண்டு. அதையும் கழுவிப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முதலீட்டாளரோடு எம்.டி. சார் ஹாஸ்டலுக்கே வந்துவிட்டார். வந்தவர் பெயர் ஏழுமலை. சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளின் பழைய இரும்பையெல்லாம் வாங்கி விற்கிற பெரிய புள்ளி. கையில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி வைத்திருந்தார். எந்தப் பொருள்மேல் வைத்து அழுத்தினாலும் அதில் என்னென்ன உலோகம் இருக்கிறது என்று திரையில் காட்டும். பழைய இரும்பு வியாபாரத்தில் யாரும் யாரையும் நம்புவதில்லை என்பதால் எல்லோரும் அதை நம்புகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை என்பது ஹாஸ்டலில் துவைக்கும் நாள். ஷிஃப்ட் இல்லாத பெண்கள் அத்தனை பேரும் வாளியோடு வரிசையில் நின்றார்கள்.

"ஏக்கா! எங்க துணியெல்லாம் கெடக்கு, ஆம்பளையாளுகள உள்ள கூட்டிட்டு வாறீங்க!" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள் முத்துமாரி. சங்கரன்கோவில்காரி.

"கொஞ்ச நேரம்டி. கல்லை மட்டும் பாத்துட்டுப் போயிருவாங்க."

"கல்லையா? பொண்ணு பாக்க வந்த மாதிரில்லா நிக்காங்க!"

மேரி அக்கா இடுப்பில் கைவைத்து வழியில் நின்றார். கருவியைப் பற்றி விளக்கியதும் அவர் கண்கள் விரிந்தன. "தங்கமும் காட்டுமா? இந்த வளையல்ல வச்சிப் பாரேன்."

ஏழுமலை வளையலை ஒரு பார்வை பார்த்தார். "வோணாம்மா. குடும்பத்துல கொழப்பம் வரும்."

துணிகளை அள்ளி ஒதுக்கினோம். அவர் கருவியைத் துவைகல்லின்மேல் வைத்தார். திரையில் இரும்பு வந்தது, வேறு ஏதேதோ வந்தது. டங்ஸ்டன் வரவில்லை. "ஈரமா கீதுல்ல, அதான்" என்றார் எம்.டி. சார். யாருடைய துண்டையோ எடுத்துத் துடைத்தோம். வரவில்லை. சோப்புப் படலத்தைச் சுரண்டினோம். உடைந்த மூலையில் வைத்தோம். வரவே இல்லை. பிறகு அதே கல்லை அரைத்து லேபுக்கு அனுப்பியது போக மிஞ்சியிருந்த மாவுப் பொட்டலத்தின்மேல் வைத்தார். டங்ஸ்டன் துள்ளிக்கொண்டு வந்தது, பின்னாலேயே கோபால்ட்.

ஒரே கல். முழுசாக இருந்தால் இல்லை, மாவாக இருந்தால் இருக்கிறது.

எனக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை. கல்லுக்கும் மாவுக்கும் நடுவில் என்ன நடந்தது? சுத்தியல். பிளாஸ்டிக் பை. கிண்ணம். கையிலிருந்த முடிவுகளைப் பார்த்தேன். கறுப்புப் பாறையில் ஆகக் குறைவு. கரட்டுக் கற்களில் அதைவிடக் கூடுதல். துவைகல்லில் உச்சம். அது டங்ஸ்டன் பட்டியலே இல்லை. எந்தக் கல்லை எவ்வளவு நேரம் அரைத்தேன் என்ற பட்டியல். டங்ஸ்டனும் கோபால்ட்டும் எல்லாவற்றிலும் ஒரே விகிதத்தில் கைகோத்துக்கொண்டு நின்றன. அந்த இரண்டையும் சேர்த்துச் செய்கிற பொருள் ஒன்று இருக்கிறது. ஒரகடத்தில் இரும்பைச் சீவுகிற ஒவ்வொரு இயந்திரத்தின் முனையிலும் இருக்கிறது. டங்ஸ்டன் கார்பைடு. இரும்பைப் போல இரண்டு பங்கு கனம். என் இடுப்பு அன்றைக்கே சொன்னது.

"மேல இருக்கறது வெயில்ல வீணாப் போயிருக்கும். உள்ளுக்குள்ளதான் சரக்கு. அப்படித்தானேம்மா?" என்றார் எம்.டி. சார். குரலில் கெஞ்சல் இருந்தது.

ஏழுமலை என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. படிச்ச ஆளு நீதான்."

தலையாட்டினால் போதும். இயந்திரம் இங்கேயே இருக்கும், என் வேலையும் இருக்கும். இல்லையென்றால் காய்கறிப் பையைக் கழுவிக் காயவைத்துக்கொண்டு அப்பா காத்திருப்பார். துவைக்கக் காத்திருந்த அத்தனை பெண்களும் என்னையே பார்த்தார்கள்.

"சார், டங்ஸ்டன் கல்லுல இல்ல" என்றேன். "நான் அரைச்ச கிண்ணத்துல இருக்கு. கிண்ணம் தேஞ்சு மாவுல கலந்திருக்கு."

வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல்: "அப்ப கல்லு எங்களுக்குத்தானக்கா? தொவைக்கலாம்ல?"

எம்.டி. சார் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். ஏழுமலை சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, முழு வியாபாரியாக மாறிக் கேட்டார்: "அந்தக் கிண்ணம் எம்மாம் பெருசு கீது?"

மறுநாள் தண்டலத்தில் அவர் கருவியைக் கிண்ணத்தின்மேல் வைத்ததும் சந்தேகம் தீர்ந்தது. எங்கள் ஆய்வு முழுவதிலும் கிடைத்த ஒரே டங்ஸ்டன் அதுதான். கல்லூரி அதை விற்க மறுத்துவிட்டது. துளை போடும் இயந்திரம் அந்த வாரமே கிளம்பிப் போனது. நிலக்கரிக் கனவிலிருந்து மிஞ்சியது அழகான இலை அச்சுகள் கொண்ட ஒரு பெட்டிக் கறுப்புப் பாறை.

ஆனால் ஏழுமலை எம்.டி. சாரை விடவில்லை. இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகள் தேய்ந்ததென்று கழிக்கிற முனைகளில் இருக்கிற டங்ஸ்டன் எந்தக் கரட்டிலும் இருக்காது என்று கணக்குப் போட்டு, ஒரு ஷெட்டைக் கொடுத்தார். அங்கே அந்தத் துப்பாக்கியோடு நல்லதையும் கெட்டதையும் பிரிக்கிறவள் நான். "படிச்ச ஆள விட, தப்புன்னு சொல்ற ஆளு எனக்கு வோணும்" என்றார். எம்.டி. சார் சுரங்க நிறுவனத்தின் பெயர்ப்பலகையைக் கழற்றவில்லை. மண்வெட்டியால் தினமும் எதையாவது அள்ளத்தானே செய்கிறோம் என்கிறார்.

அப்பா ஒப்பந்தத்தை நீட்டித்தார். அம்மாதான் மன்னிக்கவில்லை. விஷயத்தைக் கேட்டதும் ஃபோனில் முழுசாகத் திரும்பவும் சொல்லச் சொன்னாள். பிறகு, "ஏட்டி, புது கிரைண்டர் வாங்குனா மொத மாவைக் கீழ கொட்டணும், கல்லுப்பொடி இருக்கும்னு தெரியாதா? இதுக்கா எம்.எஸ்ஸி. படிச்ச?" என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் யார் கிரைண்டர் வாங்கினாலும், மிக்ஸி வாங்கினாலும் முதலில் அரைத்ததைக் கொட்டுமுன் எனக்கு ஃபோன் வரும். "லேபுக்கு அனுப்பவா?" என்று கேட்டுவிட்டு அந்தப் பக்கம் வீடே சிரிக்கும். போன மாதம் சித்தி வீட்டில் புது கிரைண்டர். வழக்கம்போல அம்மா கேட்டாள். நான் சிரிக்கவில்லை. யோசித்துப் பார்த்தால், எனக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. "அனுப்பு" என்றேன்.

பார்சலில் வெயிலில் காயவைத்த மாவு இரண்டு டப்பாக்களில் வந்தது. ஒன்றின்மேல் அம்மா 'மொத மாவு' என்று எழுதியிருந்தாள். மற்றதில், 'பழைய கிரைண்டர்ல அரைச்சது. வித்தியாசம் பாக்க நீ எதுவும் வச்சிருக்க மாட்டன்னு தெரியும்.'