ஆமைத் தொட்டிக்கு ஒன்பது நிபந்தனைகள்

சனிக்கிழமை மாலை சரியாக ஆறு மணிக்கு, தௌனோவின் வலது கால் கட்டைவிரலை ஓர் ஆமை கடித்தது. அப்போது அவன் உடம்பில் பொட்டுத் துணி இல்லை. ஒரு கையில் தண்ணீர் வாளி, மறு கையில் மர அகப்பை. வாய் மட்டும்தான் சும்மா இருந்தது. கத்தினான்.

"கத்தாதே. அஹ்தி பயந்துடும்," என்றாள் அவன் மனைவி ஹில்க்கா, குளியலறைக் கதவுக்கு வெளியிலிருந்து.

"அஹ்தி பயந்துடுமா? கடிபட்டது யாரு?"

"ரத்தம் வருதா?"

"வரலை."

"அப்ப அது கடிக்கலை. ருசி பார்த்திருக்கு. பிடிக்கலைன்னு விட்டுடுச்சு."

தம்பேரே நகரில், ஐந்தாவது மாடியில் அவர்கள் வீடு. குளியலறையின் கோடியில் ஒரு கண்ணாடிக் கதவு. அதைத் திறந்தால் நீராவிக் குளியலுக்கான சவுனா. மின்சாரத்தில் சூடாகும் ஒரு கல்லடுப்பு, இரண்டு பலகைப் படிகள், வேறொன்றும் இல்லை. தௌனோ லிஃப்ட் இன்ஸ்பெக்டர். வாரம் முழுக்க ஊரிலுள்ள லிஃப்டுகளின் வடத்தையும் பிரேக்கையும் சோதிப்பான். சனிக்கிழமை ஆறு மணிக்கு மேல்படியில் ஏறி உட்காருவான். சூடான கல்லில் தண்ணீர் ஊற்றுவான். ஆவி எழும். ஒரு மணி நேரம் ஒரு வார்த்தை பேசாமல் வேர்த்துக்கொண்டிருப்பான். அந்த ஒரு மணி நேரம்தான் அவன் வாழ்க்கை. மிச்சமெல்லாம் அதற்குக் காத்திருப்பது.

அந்த வாழ்க்கைக்குக் குறுக்கே, குளியலறைத் தரையில், துணி ஊறவைக்கும் நீலத் தொட்டி ஒன்று கிடந்தது. அதில் இரண்டு ஆமைகள்: அஹ்தி, வெல்லமோ. ஹில்க்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஊரைவிட்டுப் போன இன்னொரு டீச்சர் கொடுத்தாள் என்று, மூன்று வருஷத்துக்கு முன் இரண்டையும் கோட்டுப் பையில் போட்டுக் கொண்டுவந்தாள். அப்போது பிஸ்கட் அளவு இருந்தன. இப்போது சாப்பாட்டுத் தட்டு அளவு. வந்த நாளையே பிறந்தநாளாக வைத்து, ஒவ்வொரு பிப்ரவரி பன்னிரண்டாம் தேதியும் அவற்றுக்கு ஸ்ட்ராபெரி வெட்டிப்போட்டுக் கொண்டாடுவாள். தௌனோவின் பிறந்தநாள் எந்த மாதம் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பாள்.

அன்று குளித்துவிட்டு வந்த தௌனோ, சிவந்த முகத்தோடு மேசையில் உட்கார்ந்து, தொத்திறைச்சியில் கடுகுச் சாந்தைத் தடவி, அறிவித்தான்.

"ஹில்க்கா, இனிமே இந்த வீட்டுல ஒண்ணு அதுங்க இருக்கணும், இல்லே நான் இருக்கணும்."

ஹில்க்கா யோசித்தாள். தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே யோசித்தாள்.

"தப்பு ஆமைங்க மேல இல்லை, தௌனோ. தொட்டி மேலதான். தட்டு அளவு ஆமைங்களைத் துணித் தொட்டியில வச்சா அதுங்க வெளிய வரத்தான் செய்யும். முறையா ஒரு கண்ணாடித் தொட்டி வைக்கணும்."

"எங்க வைப்பே?"

"எங்கயாவது."

'எங்கயாவது' என்ற சொல்லைக் கேட்டதும் தௌனோவுக்குள் இருந்த இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தான். நிபந்தனைகளை ஒழுங்காக எழுதினால் சொர்க்கத்துக்குப் போகிற லிஃப்டையும் நிறுத்திவிடலாம் என்பது அவனுடைய இருபது வருஷ அனுபவம்.

"சரி. ஆமைத் தொட்டிக்கு என்னென்ன வேணும்னு நான் முறைப்படி எழுதறேன். பொய்யா ஒண்ணும் எழுத மாட்டேன். வாசக்கதவுலேருந்து பால்கனி வரைக்கும், அத்தனை நிபந்தனைக்கும் பொருந்தற மாதிரி ஒரு இடம் இருந்தா, நானே என் கையால தொட்டி கட்டித் தரேன். இல்லேன்னா ரெண்டும் ஒவுலுவுல உன் தங்கச்சி வீட்டுக்குப் போயிடணும்."

அழுவாள், சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் எழுந்து கையை நீட்டினாள். குலுக்கினார்கள். தொத்திறைச்சி அன்றைக்குத் தனி ருசியாக இருந்தது.

ஞாயிறு முழுக்கப் புத்தகங்களைப் புரட்டினான். முதல் நிபந்தனையிலேயே ஆமைகள் பாதி வழி ஒவுலுவுக்குப் போய்விட்டன. தொட்டி ஒன்றரை மீட்டர் நீளம், அறுபது சென்டிமீட்டர் அகலம், அறுபது உயரம். ஐந்நூறு லிட்டர் தண்ணீர். இரண்டாவது, கல்லும் சட்டமும் சேர்த்து எழுநூறு கிலோ. அதைத் தாங்கக் கான்கிரீட் தரை வேண்டும், மரப்பலகைத் தரை ஆகாது. கூடமும் படுக்கையறையும் மரப்பலகைத் தரை. தௌனோ இரண்டு அறைகளையும் சிவப்பு மையால் அடித்தான்.

"ஜன்னல் பக்கம் வைக்கலாமா?" என்று கேட்டாள் ஹில்க்கா, பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டே.

"கூடவே கூடாது. வெயில் பட்டா பாசி பிடிக்கும். குளிர்காத்து பட்டா ஆமைக்குச் சளி பிடிக்கும். எழுதிக்கோ, மூணு: ஜன்னலே இருக்கக் கூடாது." ஜன்னல் இல்லாத அறை எந்த வீட்டில் இருக்கும்? தௌனோ மனசுக்குள் ஒரு குத்தாட்டம் போட்டான்.

திங்கட்கிழமை அவள் இன்னொரு சந்தேகம் கேட்டாள்.

"வாரா வாரம் பாதித் தண்ணி மாத்தணுமே. இருநூத்தம்பது லிட்டரை எதுல அள்ளிக் கொட்டறது?"

"நல்ல கேள்வி. நாலு: தரையிலயே வடிகால் இருக்கணும். அஞ்சு: மூணு எட்டு வைக்கறதுக்குள்ள குழாய் இருக்கணும்."

"ரொம்பக் கறாரா இருக்கியே, தௌனோ."

"கறாரா இருக்கறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

செவ்வாய்க்கிழமை: "தண்ணியில வைக்கிற ஹீட்டர் கோளாறாகி ஃப்யூஸ் போச்சுன்னா, ஃப்ரீஸர்ல இருக்கற லிங்கன்பெரி எல்லாம் உருகிடாது?"

தௌனோ உடனே பேனாவை எடுத்தான். அந்தப் பழங்களைச் செப்டம்பர் முழுக்கக் காட்டில் முதுகு ஒடியக் குனிந்து பறித்தவன் அவன். ஆறாவது நிபந்தனை: தொட்டிக்கெனத் தனி ஃப்யூஸ். இதனால் சமையலறை அடிபட்டது. அதன் ஃப்யூஸில் ஃப்ரீஸரும் இருந்தது.

புதன்கிழமை அவளே ஒத்துக்கொண்டாள்: "தண்ணி ஆவியாகி சுவரெல்லாம் பூஞ்சை பிடிக்குமே." ஏழு: கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாகக் காற்று போகத் துவாரம். எட்டு: ஆமை ஏறி உட்கார்ந்து உடம்பு காய உயரமான மரமேடை; அதன் மேல் சூட்டு விளக்கு; சுவர் அந்தச் சூட்டைத் தாங்க வேண்டும்.

வியாழக்கிழமை அவள் கவலையோடு கேட்டாள்: "நான் வாளியோட உள்ள வழுக்கி விழுந்து, கதவை அடைச்சுக்கிட்டுக் கிடந்தா, நீ எப்படி உள்ள வருவே?"

அவள் இவ்வளவு பொறுப்பாக யோசிப்பாள் என்று அவன் நினைக்கவில்லை. மனைவி மேல் இரக்கமே வந்தது. தன் ஆமைகளை அவளே வழியனுப்பிக்கொண்டிருக்கிறாள், பாவம்.

"ஒன்பது," என்றான் மெதுவாக. "கதவு வெளிப்பக்கமாத் திறக்கணும். தாழ்ப்பாளே இருக்கக் கூடாது."

அறைக்கதவுகள் எல்லாம் உள்பக்கமாகத் திறப்பவை. குளியலறையில் தாழ்ப்பாளும் இருந்தது, துணி துவைக்கும் யந்திரமும் இருந்தது. ஒன்பது நிபந்தனை, பூஜ்யம் இடம். தௌனோ தாளின் மேலே சனிக்கிழமை பேசிய பேச்சை வார்த்தைக்கு வார்த்தை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, அலுவலக முத்திரை இல்லையே என்று வருத்தப்பட்டான்.

சனிக்கிழமை ஐந்து மணிக்குச் சோதனை. சாட்சிக்கு, குடியிருப்போர் சங்கத் தலைவி தெல்லெர்வோவைக் கூப்பிட்டிருந்தாள் ஹில்க்கா. நாலாவது மாடிக்காரர். எழுபது வயது. கட்டடத்தின் சாவிகளும் பட்டியல்களும் அவரிடம்தான். கக்கத்தில் ஒரு கோப்போடு வந்து, ஏலக்காய் ரொட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

தௌனோ அறை அறையாகக் கூட்டிப்போனான். கூடம், தள்ளுபடி. படுக்கையறை, தள்ளுபடி. சமையலறை, தள்ளுபடி. பால்கனியைக் கதவைத் திறந்தே காட்டினான். வெளியே மைனஸ் பதினாலு டிகிரி. குளியலறையும் தள்ளுபடி. இன்னும் அரைமணியில் சவுனா. இனி குறுக்கே தொட்டி கிடக்காது.

"ஆக, இந்த வீட்டுல பொருத்தமான இடமே இல்லைன்னு சான்று அளிக்கிறேன். ஹில்க்கா, வருத்தப்படாதே. தங்கச்சி நல்லாப் பார்த்துக்குவா."

ஹில்க்கா வருத்தப்படவில்லை. குளியலறைக் கோடிக்குப் போய், கண்ணாடிக் கதவின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். கதவு வெளிப்பக்கமாகத் திறந்தது.

"தாழ்ப்பாள் இல்லை," என்றாள்.

தௌனோ கையிலிருந்த தாளின் ஒன்பதாவது வரியைப் பார்த்தான். ஹில்க்கா விரல்விட்டு எண்ணினாள்.

"தரை கான்கிரீட். நடுவுல வடிகால். ஜன்னல் இல்லை. கீழ ஒண்ணு, மேல ஒண்ணு காத்துத் துவாரம். அடுப்புக்குன்னு தனி ஃப்யூஸ். குழாய் இதோ, ரெண்டரை எட்டு. உயரமா மரமேடை. சுவரு எம்பது டிகிரிச் சூட்டையே தாங்குது. நீளம் ஒன்றரை மீட்டருக்கு மேலயே இருக்கு."

"ஹில்க்கா, இது சவுனா."

"ஆமா."

"சவுனா எப்படி அறைக் கணக்குல வரும்? வீட்டுப் பத்திரத்துலயே 'ரெண்டு அறை, சமையலறை, சவுனா'ன்னு தனியாத்தானே போட்டிருக்கு?"

"நீ அறைன்னு எழுதலை. 'வாசக்கதவுலேருந்து பால்கனி வரைக்கும் ஒரு இடம்'னுதான் எழுதியிருக்கே. உன் கையெழுத்துதானே இது?"

தௌனோ தெல்லெர்வோவைப் பார்த்தான். அவர் தாளை வாங்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றி, ஒன்பதையும் படித்தார்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க," என்றார். "ஓட்டையே இல்லை."

ஆனால் இருபது வருஷ அனுபவம் லேசில் விடுமா? கடைசி வடம் ஒன்று மிச்சம் இருந்தது.

"சரி, இடம் இருக்கு. ஒத்துக்கறேன். ஆனா என் சனிக்கிழமை ஆறு மணி? கீழ்த்தளத்துப் பொதுச் சவுனாவுல எனக்கு அந்த நேரம் கிடைச்சா, இந்த அடுப்பை நானே கழட்டிடறேன். கிடைக்கலேன்னா பேச்சு ரத்து."

சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரிக்காமல் என்ன செய்வான்? பொதுச் சவுனாவில் வாரத்துக்கு ஒரு வீட்டுக்கு ஒரு மணி நேரம். செவ்வாய் காலை கேட்டால் உடனே கிடைக்கும். சனிக்கிழமை ஆறு மணிக்கு மட்டும் வரிசை. ஒருவர் வீடு மாறினாலோ உலகம் மாறினாலோதான் அது காலியாகும். தௌனோ அந்த வரிசையில் பெயர் கொடுத்ததே இல்லை.

தெல்லெர்வோ கோப்பைத் திறந்தார்.

"அதைச் சொல்லத்தான் நானும் வந்தேன். ரெண்டாம் மாடி ஒஸ்மோ மக வீட்டோட போயிட்டார். சனிக்கிழமை ஆறு மணி காலி. வரிசையில அடுத்த பேரு உங்க பேருதான், தௌனோ." சாவியை மேசையில் வைத்தார்.

தௌனோ சாவியைப் பார்த்தான். சனிக்கிழமை ஆறு மணி. கட்டடத்திலேயே பெரிய கௌரவம். ஒஸ்மோ அதைப் பதினேழு வருஷம் வைத்திருந்தார். லிஃப்டில் அவருக்கு எல்லோரும் வழிவிடுவார்கள். நெஞ்சு தானாக விம்மியது. என்ன, எப்படி என்று கேட்கத் தோன்றவே இல்லை.

"சரி," என்றான் பெருந்தன்மையாக. "ஆமைங்க எடுத்துக்கட்டும்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். மின்பணியாளரை வரவழைத்து அடுப்பின் இணைப்பை எடுக்கச் சொன்னான். கீழ்ப்படியைக் கழற்றி, அங்கே இரும்புச் சட்டம் அடித்து, ரசமட்டம் வைத்துப் பார்த்துக் கண்ணாடித் தொட்டியை ஏற்றினான். அடுப்புக் கற்களில் வழுவழுப்பானவையாகப் பொறுக்கிக் கழுவி, தண்ணீருக்கடியில் அடுக்கினான். தொட்டியிலிருந்து மேல்படிக்குத் தக்கைப் பலகையில் ஒரு சரிவுப் பாதை, விழாமலிருக்க ஓரத்தில் கட்டை. வடிகட்டி சத்தமே இல்லாமல் ஓடியது. தண்ணீர் இருபத்தைந்து டிகிரி. அவனே மூன்று தெர்மாமீட்டரால் சரிபார்த்தான். அண்டை வீட்டார் வந்து பார்த்துவிட்டு, தம்பேரேயில் இப்படி ஒரு தொட்டி இல்லை என்றார்கள். தௌனோ பணிவாகத் தலையாட்டினான்.

அடுத்த சனிக்கிழமை மாலை ஆறுக்கு ஐந்து நிமிஷம். அஹ்தி சரிவில் ஏறியது. மேல்படியில், தௌனோ உட்காரும் அதே இடத்தில், விளக்குக்கு அடியில் நாலு காலையும் நீட்டிப் படுத்து, கண்ணை மூடிக்கொண்டது. ஒரு வார்த்தை பேசவில்லை.

"எவ்வளவு சுகமா இருக்கு பாரேன் அதுக்கு," என்றாள் ஹில்க்கா.

"கட்டினது யாரு?" என்றான் தௌனோ.

துண்டைத் தோளில் போட்டு, வாளியும் அகப்பையுமாக லிஃப்டில் இறங்கினான். மூன்றாம் மாடிக்காரர் வழிவிட்டார். கீழ்த்தளத்தில், பொதுச் சவுனாவின் கதவில் பட்டியல் ஒட்டியிருந்தது. தன் பெயரை ஒரு தடவை ஆசைதீரப் படிக்க நின்றான். சனிக்கிழமை, ஆறு மணி, தௌனோ, ஐந்தாம் மாடி. பக்கத்துக் கட்டத்தில், வரிசையில் பெயர் கொடுத்த நாள்: மூன்று வருஷத்துக்கு முந்தைய பிப்ரவரி பன்னிரண்டு, பிற்பகல் மூன்று மணி. கீழே ஹில்க்காவின் கையெழுத்து.

அன்று அவள் ஆமைகளோடு வீட்டுக்கு வந்தது நாலு மணிக்கு. பிஸ்கட் அளவு ஆமைகள் மூன்று மணிக்குக் கோட்டுப் பையைவிட்டே வெளியே வந்திருக்கவில்லை. தௌனோ ஏற்கெனவே சவுனாவைவிட்டு வெளியே போயிருந்தான்.