கமலாக்ஷியின் பிறந்த தேதி தீர்மானமான விவரம்

மட்டாஞ்சேரி
20-1-1963

திருப்பூணித்துறை அண்ணாவுக்கு, தம்பி அனந்தநாராயணனின் நமஸ்காரம். மன்னிக்கு மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

சென்ற ஞாயிறு காலை பத்தரை மணிக்கு என் வீட்டுக் கூடத்தில் பெரியவர்கள் கூடி, என் மகள் கமலாக்ஷி எப்போது பிறந்தாள் என்பதை ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். அவளுக்கு இப்போதே பதினாலரை வயது.

இதற்குக் காரணம் நீங்கள். 1954இல் என் மகன் அப்புவைப் பள்ளியில் சேர்க்க நீங்கள்தான் கூட்டிப் போனீர்கள். அவனுக்கு மூன்றரை வயது. ஐந்து ஆகியிருந்தால் போதும் என்றார்கள்; நீங்கள் தாராளமாக ஐந்தேமுக்கால் கொடுத்து, 1948 செப்டம்பர் என்று எழுதிவிட்டீர்கள். அவன் அக்கா 1948 ஜூனில் பிறந்தவள் என்பது உங்களுக்கு நினைவில்லை. கமலாக்ஷியின் பரீட்சை விண்ணப்பத்தை நிரப்பும்போது ஹெட்மாஸ்டர் இதைக் கண்டுபிடித்து என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"சாரே, மூத்த குட்டி ஜூனில், இளையவன் செப்டம்பரில், ஒரே வருஷம். வீட்டில் அம்மா ஒருத்தி தானே?"

இதை என் மனைவி சீதாலக்ஷ்மியிடம் நான் சொல்லியிருக்க வேண்டாம், சொல்லிவிட்டேன். "இதை உங்க அண்ணாகிட்டக் கேளுங்கோ" என்றாள்.

தேதியைத் திருத்தாவிட்டால் கமலாக்ஷியின் விண்ணப்பம் போகாது. அப்புவின் வயதைக் குறைத்தால் அவன் மூன்றரை வயதில் சேர்ந்தது வெளிவந்து பெயரை வெட்டிவிடுவார்கள். ஆகவே கமலாக்ஷிதான் முன்னால் பிறக்க வேண்டும். "அப்பா, எனக்குப் பரீட்சை எழுதணும். எப்போப் பொறந்தாலும் எனக்கு விரோதமில்லை" என்று அழுதாள்.

பழைய நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் பலருக்குத் தங்கள் வயதே சரியாகத் தெரியாது, பிள்ளை நிமிர்ந்து நின்றதும் பெரியவர்களின் உடுப்பை மாட்டி வேலைக்கு அனுப்பினார்கள் என்று ஒரு சரித்திரப் புத்தகத்தில் படித்துப் போன மாதம்தான் சிரித்தேன். அந்த ஜனங்கள் தெரியாமல் இருந்தார்கள். நாம் மாசமும் நட்சத்திரமும் பிசகாமல் பாயசம் வைத்துவிட்டு, வருஷத்தை மட்டும் வாய்க்கு வந்தபடி சொல்கிற குடும்பம்.

மிதுன மாசத்து அஸ்த நட்சத்திரத்தை மாற்றச் சீதாலக்ஷ்மி ஒப்பவில்லை. மச்சினன் சிவசங்கரன் பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டி, "ஒரு வருஷம் பின்னால போனாப் போறும் அத்திம்பேர், நட்சத்திரம் அப்படியே கிடைக்கும்" என்றான். 1947 ஜூன் 26 என்று முடிவாயிற்று. அண்ணா, ஒரு குழந்தையின் தேதியை எழுதுமுன் வீட்டில் மற்றவர்களின் தேதிகளையும் ஒருமுறை பார்க்க வேண்டும். இதற்குப் படிப்பு வேண்டாம், பொறுப்பு போதும். இனி நம் குடும்பத்தில் யார் பிறந்தாலும் நீங்கள் தேதி கொடுக்க வேண்டாம்.

மன்னிக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் அன்பு. கமலாக்ஷியை ஆசீர்வதியுங்கள்.

தங்கள் தம்பி,
அனந்தநாராயணன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் சீதாலக்ஷ்மி வாங்கிப் படித்தாள். எங்கள் கல்யாணம் 1947 செப்டம்பர் 4ஆம் தேதி என்கிறாள். பத்திரிகையை எடுத்துப் பார்த்தேன், சரிதான். விண்ணப்பம் திங்கட்கிழமையே ரிஜிஸ்தர் தபாலில் போய்விட்டது.