அம்மா சூடாக்கிய உலகம்

பருவநிலை மாற்றம் என்று யாராவது பேச்சை எடுத்தால் நான் மெல்ல எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். அதில் நம்பிக்கை இல்லாமல் இல்லை. சுங்கை ஊடாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன்; வெயில் ஏறிக்கொண்டே போவது என் முதுகுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பேச்சு எங்கே தொடங்கினாலும் எங்கள் வீட்டில் வந்துதான் முடியும், அதுதான் சிக்கல்.

அப்போது எனக்குப் பல்கலைக்கழகத்தில் கடைசி ஆண்டு. பல துறை மாணவர்களைக் கலந்துகட்டி ஆராய்ச்சி செய்யச் சொன்னார்கள். நான் பொறியியல், பரா பொருளாதாரம், மெய் லிங் உளவியல். (மூவருக்கும் பொதுவாக இருந்தது தூக்கம் மட்டும்தான்.) தோட்டத் தொழிலாளர் வீடுகளில் கூடிவரும் வெப்பம் என்பது எங்கள் தலைப்பு. சிறந்த குழுவைக் கடல் தாண்டி விமானத்தில் கூச்சிங் மாநாட்டுக்கு அனுப்புவார்களாம். எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் விமானம் ஏறியதில்லை. "வாய்ப்பு இருக்கும்மா" என்றுதான் அம்மாவிடம் சொன்னேன். மறுநாளே கோயிலிலும் பாசார் கடைகளிலும் "மவன் பிளேன்ல போறான்" என்று செய்தி பரவிவிட்டது.

டுரியான் துங்காலைத் தாண்டி இருக்கும் எங்கள் தகரக்கூரை வீட்டையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டோம். தீப்பெட்டி அளவில் ஒரு வெப்பமானி. அளவுகளை அதுவே என் கைப்பேசிக்கு அனுப்பிவிடும்.

"வெயில் படாத இடமா வைங்கம்மா. யாரும் தொடக்கூடாது."

"பத்திரமா வைக்கிறேன்லா. நீ போயி படிக்கிற வேலையப் பாரு."

எங்கே வைத்தார் என்று போய்ப் பார்க்கவில்லை. எண்கள்தான் தானாக வருகின்றனவே, எதற்குப் பெட்ரோல் செலவு என்று விடுதியில் படுத்துக்கிடந்தேன்.

எண்கள் அபாரமாக வந்தன. பகலெல்லாம் ஒழுங்காக இருந்த வெப்பம், பொழுது சாயும்போது சட்டென்று ஏறியது. வெள்ளிக்கிழமைகளில் இன்னும் மோசம். வாரத்துக்கு வாரம் அது கூடிக்கொண்டே போனது. தகரம் பகலில் குடித்த சூட்டை மாலையில் கக்குகிறது என்று நான் எழுதினேன். வார இறுதிக்கு ஊர் திரும்பும் வாகனப் புகைதான் வெள்ளிக்கிழமைக்குக் காரணம் என்று பரா ஒரு சூத்திரமே போட்டாள். அந்தச் சூட்டில் கணவன் மனைவி சண்டை பெருகும் என்றாள் மெய் லிங். மூன்று துறைகளும் ஒரே முடிவுக்கு வந்ததில் எங்களுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் என்ன என்று அவர்கள் இருவருக்கும் தெரியாததை மன்னிக்கலாம். வெள்ளிதோறும் சைவம் சாப்பிட்டு வளர்ந்தவன் நான்.

ஆராய்ச்சியை அரங்கில் படைக்கும் நாள் வந்தது. கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்ல, வெப்பமானி வீட்டில் இருக்கும் படம் ஒன்று வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தாள் பரா. அம்மா முந்தின நாள் மாலை எடுத்து அனுப்பிய படத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் அவளுக்குத் தள்ளிவிட்டேன். அரங்கில் அரைமணி நேரம் முழங்கினேன். நடுவர்கள் தலையாட்டினார்கள். கூச்சிங் விமானத்தில் ஜன்னலோர இருக்கையில் மனத்தளவில் உட்கார்ந்தே விட்டேன்.

கடைசிப் பக்கம் திரையில் விரிந்தது.

எங்கள் மேற்பார்வையாளர் டாக்டர் சுகுணா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "தம்பி, அது சாமி மேடைதானே?"

திரும்பிப் பார்த்தேன். முருகன் படத்துக்கு முன்னால் வெப்பமானி. அதன் நெற்றியில் குங்குமப் பொட்டு. இரண்டு பக்கமும் வரிசையாக நெய் விளக்குகள் ஜெகஜோதியாக எரிந்துகொண்டிருந்தன.

"ஆமா டாக்டர்."

"தினமும் விளக்கு வைப்பாங்களா?"

"ஆமா டாக்டர்."

"வெள்ளிக்கிழமை?"

அரங்கில் இருந்த தமிழ்ப் பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கி, மற்றவர்களுக்கு மொழிபெயர்த்தும் கொடுத்தார்கள். உம்பாய் மீனவர்களைப் பற்றி ஆராய்ந்த குழு கூச்சிங் போனது.

வெளியே வந்து கைப்பேசியில் அம்மாவைக் கூப்பிட்டேன். "மொத்தம் எத்தன வெளக்கும்மா ஏத்துனீங்க?"

"மொதல்ல ஒண்ணுதான்யா. நீ பிளேன்னு சொன்னதும் வேண்டிக்கிட்டு வாராவாரம் ஒண்ணொண்ணா கூட்டுனேன். ஏன்யா, கெடச்சிருச்சா?"

வாரத்துக்கு வாரம் வெப்பம் ஏறிய காரணம் அப்போதுதான் விளங்கியது. கோபம் வரவில்லை. படியிலேயே உட்கார்ந்து அழுதேன். "மிசின்ல கோளாறும்மா" என்று சொல்லிவைத்தேன்.

மறுபடி அளந்து, பாஸ் மார்க் வாங்கி வெளியே வந்தோம். அந்தத் தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த பரா, முறுக்கைக் கடித்துக்கொண்டே அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அம்மா ஒரு நிமிடம் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

இன்றும் நான் வேலை முடிந்து, சட்டை உடம்போடு ஒட்ட, நாற்காலியில் விழும் நேரத்தில்தான் அம்மா தீப்பெட்டியை எடுப்பார். "உலகத்தச் சூடாக்கப் போறேன். ஃபேனப் போட்டுக்கடா." பேட்டரி தீர்ந்த வெப்பமானி இன்னும் மேடையில்தான் இருக்கிறது. வெள்ளிக்கு வெள்ளி அதற்கும் பொட்டு உண்டு.

போன வாரம் கவனித்தேன். வழக்கமான விளக்குக்குப் பக்கத்தில் தனியாக இன்னொன்று எரிந்தது.

"இது எதுக்கும்மா?"

"நீ இன்னும் பிளேன் ஏறலயேடா."