மூன்றாம் எண் இடத்தைத் துறந்த படலம்

வாழ்க நிகழ்தகவுக் கோமான்! பகடையின் ஆறு முகங்களையும் அடக்கியாண்ட அண்ணல், சீட்டுக்கட்டின் ஐம்பத்திரண்டு சீட்டும் அஞ்சி நடுங்கும் ஆற்றலர், கல்லூரிக் கரும்பலகையின்மேல் இருபதாண்டு சுண்ணக்கட்டி வாளோச்சிய கணிதப் பேராசிரியப் பெருந்தகை வாழ்க! குடை எடுப்பதா வேண்டாமா என்று அவர் கணக்கிட்டு முடிப்பதற்குள் மழையே விட்டுப்போகும் மாண்பினை எங்ஙனம் இயம்புவது!

அன்று அவருடைய ஒரே தங்கைக்குப் பதிவுத் திருமணம். இரண்டு சாட்சிகள் வந்து காத்திருந்தார்கள். மூன்றாம் சாட்சி அண்ணனேதான். பன்னிரண்டு மணிக்குப் பதிவாளர் பேனாவை மூடிவிடுவார், அடுத்த தேதி கிடைக்க ஒரு மாதமாகும். பதினொன்றே காலுக்கே நாற்சக்கரத் தேரேறி, பதிவு அலுவலக வண்டி நிறுத்துமிடம் என்னும் போர்க்களம் புகுந்தார் கோமான். நூறு இடங்கள் கொண்ட களம். ஒருவழிப் பாதை. கடந்த இடத்துக்குத் திரும்ப முடியாது.

வாசலை ஒட்டி, மரநிழலில், யானையே படுத்துப் புரளும் அகலத்தில் மூன்றாம் எண் இடம் காலியாகக் கிடந்தது.

"இங்கேயே விட்டுடுங்க சார், இதைவிட நல்ல இடம் கிடைக்காது," என்றார் காவலாளி.

நகைத்தார் அண்ணல். "காவலரே, கேளும்! நூற்றில் முதல் முப்பத்தேழைக் கண்ணால் அளந்து கைவிடுக! அதன்பின் அவை அனைத்தினும் சிறந்தது எதிர்ப்படின் அக்கணமே கைப்பற்றுக! இது கணிதத்தின் ஆணை!" என்று முழங்கிவிட்டு, காலி இடங்களையெல்லாம் புறமுதுகிட்ட பகைவரைப் போல் விட்டுவிட்டு விரைந்தார்.

முப்பத்தெட்டில் வெயில். ஐம்பதில் குழி. எழுபத்தொன்றில் தூண். மூன்றாம் எண்ணை விஞ்சும் இடம் ஒன்றுகூடப் பிறந்திருக்கவில்லை. நூறையும் கடந்த பெருவீரரைக் களம் பின்வாசல் வழியே நெரிசல்மிகு சாலையில் உமிழ்ந்தது.

ஊரைச் சுற்றி மீண்டும் நுழைந்தபோது மணி பதினொன்றே முக்கால். மூன்றாம் எண் இன்னமும் காலி! கோமானின் நெஞ்சம் ஆசைப்பட்டது, உண்மையாகவே ஆசைப்பட்டது. ஆயினும் புதுச் சுற்றென்றால் கணக்கையும் புதிதாகத் தொடங்குவதன்றோ முறை? பல்லைக் கடித்துக்கொண்டு கடந்தார். இருபத்தைந்தாம் இடத்தருகே கைபேசி அலறியது.

"அண்ணா, எங்க இருக்கீங்க? நீங்க மட்டுந்தான் பாக்கி!" தங்கையின் குரல் உடைந்திருந்தது.

"சாம்பிள் எடுத்துக்கிட்டிருக்கேன்மா! இன்னும் பன்னிரண்டு இடந்தான்!"

மறுபடியும் நூறு கடந்தது, மறுபடியும் சாலை விழுங்கியது. மூன்றாம் முறை நுழைகையில் மணி பன்னிரண்டு பத்து. கணிதத்தின் ஆணையைக் காலடியில் மிதித்து, மூன்றாம் எண்ணிலேயே தேரை நிறுத்தினார் தீரர். காவலாளியின் நாற்காலி காலியாக இருந்ததைக் கவனிக்க அவருக்கு நேரமில்லை. இரண்டிரண்டு படியாகத் தாவி, "வந்தனன் மூன்றாம் சாட்சி!" என்று கதவைத் தள்ளினார்.

கல்யாணம் முடிந்திருந்தது, மூன்றாம் சாட்சிக் கையெழுத்தைக் காவலாளி போட்டிருந்தார்.