ஒத்தை வீச்சுக்குச் சாட்சி யாரு?

2024 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை. எழுந்ததும் முதல் வேலையாகப் பால் காய்ச்சினேன். எங்கள் வீட்டில் பால் பொங்காமல் எந்த நாளும் தொடங்கியதில்லை. என் மனைவி இதை ஒரு வியாதி என்பாள். காபி குடித்தேன். பைக்கின் இரண்டு டயர்களையும் அழுத்திப் பார்த்தேன். தொப்பி, தண்ணீர் பாட்டில், எறிவதற்கான தட்டுகள் எல்லாவற்றையும் தோள்பையில் அதனதன் இடத்தில் வைத்துக்கொண்டு ராஜபாளையத்திலிருந்து கிளம்பினேன். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், கோயிலுக்கு முன்னால், டவாலி அண்ணாச்சி தயாராக நின்றுகொண்டிருந்தார்.

"ஏன் தம்பி லேட்டு?" என்றார்.

நான் லேட் இல்லை. சூரியனே வந்து நின்றாலும் அவர் அப்படித்தான் கேட்பார்.

தான் அடைந்த வெற்றியைத் தானே தள்ளுபடி செய்த விளையாட்டு வீரர் இந்தப் பூமியில் ஒருவர்தான் உண்டு. அவர் என் பைக்கின் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தவர்.

அவர் கோர்ட்டில் டவாலியாக இருந்து ஓய்வு பெற்றவர். குறுக்கே பட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, வாதி, பிரதிவாதி, சாட்சி என்று எல்லோர் பெயரையும் மும்மூன்று முறை கூப்பிடுவதுதான் அவருடைய வேலை. அவர் சாத்தூர்க்காரர் ஒருவரைக் கூப்பிட்டால், அந்த ஆள் சாத்தூரிலேயே பஸ் ஏறிவிடுவார் என்று சொல்வார்கள். ஆளுக்கு ஓய்வு கொடுத்த அரசாங்கம் அவருடைய குரலுக்கு ஓய்வு கொடுக்க மறந்துவிட்டது. ரேஷன் கடை வரிசையிலும் கல்யாணப் பந்தியிலும் அவர் யாரைக் கூப்பிட்டாலும் மூன்று முறைதான். அவருடைய மனைவியும் பழகிவிட்டார். "மொத ரெண்டு தடவை கோர்ட்டுக்கு. மூணாவதுதான் எனக்கு. அதுக்குத்தான் திரும்பிப் பாப்பேன்" என்பார் அந்த அம்மாள்.

இப்படிப்பட்டவர் தட்டு எறிய வந்ததற்குக் காரணம் ஞானராஜ். பின்லாந்தில் வேலை பார்த்துவிட்டு ராஜபாளையத்துக்குத் திரும்பியவர். செண்பகத்தோப்புப் பக்கம் மலையடியில் அவருக்கு ஒரு மாந்தோப்பு இருக்கிறது. அங்கே ஒன்பது இரும்புக் கம்பங்களை நட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு கூடையை வைத்து, கூடைக்கு மேலே சங்கிலிகளைத் தொங்கவிட்டார். தூரத்தில் நின்று தட்டை எறிய வேண்டும். அது சங்கிலியில் மோதிக் கூடைக்குள் விழ வேண்டும். விழும்வரை, கிடந்த இடத்திலிருந்து திரும்பத் திரும்ப எறிய வேண்டும். ஆட்டம் அவ்வளவுதான். சங்கிலி வாங்க அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் மாட்டுக் கயிறு விற்கும் கடைக்குப் போனார். "எம்புட்டு மாடு?" என்று கடைக்காரர் கேட்க, "மாடு கிடையாது" என்று இவர் சொல்ல, கடைக்காரர் ஞானராஜுக்குப் பின்னால் துணைக்கு யாராவது வந்திருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தாராம்.

முதல் எறியிலேயே தட்டு கூடைக்குள் விழுந்தால் அது ஒத்தை வீச்சு. அதைக் கொண்டாடும் முறையைப் பின்லாந்தில் கண்டபடி ஞானராஜ் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். எல்லோரும் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்க வேண்டும். பார்த்தவர்கள் எல்லோரும் அந்தத் தட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தட்டை இனி எறியக் கூடாது, வீட்டில் மாட்டி வைக்க வேண்டும். எறிந்தவர் எல்லோருக்கும் விருந்து வைக்க வேண்டும்.

"இம்புட்டுதானா?" என்றார் டவாலி அண்ணாச்சி. "கலியாணத்துல மொய் எழுதிட்டு வீட்டுக்குப் போற மாதிரில்ல இருக்கு."

அதன்பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்தார். தட்டுக்குச் சந்தனம், குங்குமம். கூடைக்கு ஒரு முழம் பூ. கம்பத்தடியில் ஒரு சிதறு தேங்காய். எல்லாவற்றுக்கும் மேலாக, எறிந்தவரின் பெயரை மலையைப் பார்த்து அவர் மூன்று முறை கூப்பிடுவார். எறிந்தவர் கூடைக்குப் பக்கத்தில் நின்று "ஆஜர்" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் ஒத்தை வீச்சு செல்லும். தளவாய்புரத்திலிருந்து வரும் உடற்பயிற்சி ஆசிரியை செல்வி டீச்சர் முதல் ஒத்தை வீச்சு போட்டபோது, அண்ணாச்சி கூப்பிட்ட கூப்பாட்டில் பக்கத்துத் தோப்புக் காவல்காரர் பயந்துபோய், "இந்தா வந்துட்டேன்" என்று ஓடிவந்தார். அவர் பெயர் செல்வம்.

நானும் ஒரு முறை போட்டிருக்கிறேன். என் தட்டு எங்கள் வீட்டு ஹாலில் தொங்குகிறது. வருகிற உறவினர்கள் எல்லோரும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இந்தக் கெடியாரத்துக்கு முள்ளு எங்க?" என்று கேட்கிறார்கள். பதில் சொல்லி மாளவில்லை. ரிப்பேர் என்று சொல்லிவிடுகிறேன்.

கையெழுத்து விஷயத்தில் அண்ணாச்சி யாருக்கும் சலுகை காட்ட மாட்டார். எங்களோடு எறிய வரும் பால்கோவா கடை சண்முகத்தின் கதையே அதற்குப் போதும். சண்முகம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தனியாகத் தோப்புக்குப் போய் எறிந்திருக்கிறார். முதல் எறியிலேயே விழுந்துவிட்டது. மறுநாள் காலையில் பூ, தேங்காய், ஒரு தூக்கு நிறையச் சூடான பால்கோவா எல்லாவற்றோடும் மாப்பிள்ளை போல வந்து நின்றார்.

"சாட்சி யாரு?" என்றார் அண்ணாச்சி.

"போட்டோ எடுத்திருக்கேன், பாருங்க. கூடைக்குள்ள தட்டு கெடக்கு."

"கையால கொண்டுபோயி வச்சிட்டும் போட்டோ எடுக்கலாம். பாத்த ஆளு யாரு?"

"ஆளு இல்ல அண்ணாச்சி. ஒரு மாடு நின்னுச்சு."

"மாடு கையெழுத்துப் போடுமா?"

"அது மாட்டுச் சங்கிலிதான? அதோட சத்தம் மாட்டுக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?"

நாங்கள் சிரித்தோம். அண்ணாச்சி சிரிக்கவில்லை. தள்ளுபடி என்றார். பால்கோவாவைச் சண்முகத்தையும் சேர்த்து நாங்கள் நான்கு பேரும் தின்று தீர்த்தோம். அண்ணாச்சி மட்டும் தொடவில்லை. "ஒருத்தனுக்கு எதிராத் தீர்ப்புச் சொல்லிட்டு அவன் பால்கோவாவையும் திங்கப்பிடாது" என்றார். அன்றிலிருந்து சண்முகம் அவரிடம் நேராகப் பேசுவதை விட்டுவிட்டார். "அவியகிட்டச் சொல்லுங்க, தட்டு முள்ளுக்குள்ள கெடக்குன்னு" என்று பக்கத்தில் நிற்கும் அவருக்கே என் மூலமாகத் தகவல் அனுப்புவார்.

இத்தனை சடங்குகளையும் உண்டாக்கிய மனிதருக்கு ஒரு ஒத்தை வீச்சுகூட வாய்க்கவில்லை என்பதுதான் வேடிக்கை. எங்கள் நான்கு பேருடைய பெயரும் மலைவரை போய்த் திரும்பியிருந்தது. சண்முகம்கூட வேறொரு நாளில், எல்லோரும் பார்க்க, முறைப்படி ஒன்று போட்டுவிட்டார். அன்றைக்கு அவர் பெயரை அண்ணாச்சி தொண்டை கிழியக் கூப்பிட்டார். அண்ணாச்சியின் தட்டு மட்டும் சங்கிலியை உரசும், கம்பத்தில் மோதும், கூடை விளிம்பில் உட்கார்ந்து யோசித்துவிட்டுக் கீழே விழும். "வாய்தா" என்று சொல்லிப் பொறுக்கிக்கொள்வார்.

நான் சொல்லும் அந்த ஞாயிறுதான் அவருக்குக் கடைசி வாய்தா. மாமரங்கள் பூத்துவிட்டன, அடுத்த ஞாயிறுக்குள் பிஞ்சு பிடித்துவிடும், அதற்குப் பிறகு காய்ப்பைக் குத்தகைக்கு எடுத்தவர் தோப்புக்குள் தட்டு எறிய விடமாட்டார். மறுபடி ஆடியில்தான் ஆட்டம். அண்ணாச்சியின் வலது தோளைப் பார்த்த டாக்டரோ, இந்த மாதத்தோடு எறிவதை நிறுத்திவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். பைக்கில் வரும்போது இதை என் முதுகிடம் சொன்னார். "விழுந்தா விழுது, விழாட்டி போகுது" என்றும் சொன்னார். விழாவிட்டால் போகாது என்பது என் முதுகுக்கே தெரிந்தது.

ஆறு கூடைகள் வாய்தாவில் போயின. ஏழாவது கூடை ஒரு பெரிய புளியமரத்துக்கு அப்பால் இருக்கிறது. எங்கள் பெயர்களை மும்மூன்று முறை கூப்பிட்டு எங்களை எறிய வைத்துவிட்டு, கடைசியாக அண்ணாச்சி எறியும் இடத்துக்கு வந்தார். அவரைக் கூப்பிட ஆள் கிடையாது. அவர் பாட்டுக்கு எறிவார். தோளை ஒருமுறை நீவிவிட்டுக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துச் செல்வி டீச்சர், "ஏ! அங்க பாருங்க, அணிலு! மலையணிலு!" என்றார்.

பூனை அளவு உடம்பு, அதைவிட நீளமான வால். சாம்பல் நிற மலையணில் ஒன்று புளியங்கிளையில் உட்கார்ந்து பழம் உரித்துக்கொண்டிருந்தது. எத்தனை வருடம் அங்கே போய்வந்தாலும் அதைப் பார்க்கக் கிடைப்பது அபூர்வம். நான்கு பேரும் அண்ணாந்து வாயைப் பிளந்தோம்.

சலங் என்று சங்கிலிச் சத்தம் கேட்டது.

திரும்பினோம். தட்டு கூடைக்குள் இருந்தது. அண்ணாச்சி எறிந்த கையை இறக்காமல் அப்படியே நின்றார்.

"ஒத்த வீச்சு! அண்ணாச்சி போட்டுட்டாரு!" ஞானராஜ் பின்லாந்து பாணியில் கத்திக்கொண்டு ஓடினார். நானும் டீச்சரும் ஓடினோம். கட்டிப்பிடிக்கப் போன எங்களை அண்ணாச்சி கையைக் காட்டி நிறுத்தினார்.

"யாரு பாத்தீக?"

"எல்லாரும் பாத்தோம்" என்றார் ஞானராஜ்.

"எந்தப் பக்கச் சங்கிலியில பட்டுச்சு?"

"இடது பக்கம்."

"டீச்சர், நீங்க சொல்லுங்க."

"வலது பக்கம் அண்ணாச்சி. நல்லாப் பாத்தேன்."

"பொய்ச் சாட்சி" என்றார் அண்ணாச்சி. என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். "தம்பி முகத்துலயே தெரியுது. எல்லாரும் அணிலத்தான் பாத்திருக்கீக."

"தீர்ப்பு உங்களுக்குச் சாதகமா வருது அண்ணாச்சி. வாங்கிக்கிட்டா என்ன கொறஞ்சு போயிரும்?" என்று டீச்சர் கெஞ்சினார்.

"சண்முகத்துக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா? தள்ளுபடி." எல்லோரும் பின்னால் வரக் கூடைக்குப் போய்த் தட்டை எடுத்துத் துண்டால் துடைத்தார். வழக்கமாக ஒரு முறை துடைப்பார். அன்று துடைத்துக்கொண்டே இருந்தார். "வாங்க, எட்டாவது கூடைக்குப் போவோம்."

யாரும் நகரவில்லை. சண்முகம் இத்தனை நேரமும் தள்ளி நின்றிருந்தார். அவர் சிரிக்கப்போகிறார், மாட்டை இழுக்கப்போகிறார் என்று நான் பயந்தேன். அவர் நேராக அண்ணாச்சி முன்னால் வந்தார். பல மாதங்களுக்குப் பிறகு நேராகப் பேசினார்.

"நான் பாக்கல. ஆனா சத்தத்தக் கேட்டேன். என் காதால கேட்டதச் சொன்னா ஒங்க கோர்ட்டுல எடுப்பாகளா, மாட்டாகளா?"

அண்ணாச்சி யோசித்தார். "பாத்தேன்னு சொன்னாத்தான் பொய்யி. கேட்டவன் கேட்டேன்னு சொன்னா எடுப்பாக."

"அப்பக் கொண்டாங்க தட்ட."

சண்முகம் என் பேனாவை வாங்கித் தட்டின் முதுகில், 'சங்கிலிச் சத்தம் கேட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஞானராஜ், 'இடது பக்கம் என்றது பொய். தட்டு கூடைக்குள் இருந்ததைப் பார்த்தேன்' என்று எழுதினார். டீச்சர், 'அணிலைக் காட்டிக் கெடுத்தது நான்தான். திரும்பினால் தட்டு உள்ளே' என்று எழுதினார். மிச்சமிருந்த இடம் எனக்கு. சத்தம் கேட்டதும் அவர்கள் மூவரும் கூடையைப் பார்த்தார்கள். நான் அவரைப் பார்த்தேன். ஆகவே, 'தட்டு விழுந்ததும் அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தேன்' என்று எழுதித் தேதி போட்டேன்.

அண்ணாச்சி மற்ற மூன்றையும் வாய்விட்டு வாசித்தார். என்னுடையதை மட்டும் மனதுக்குள் வாசித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "அனுமதிக்கப்படுது" என்றார்.

"அப்ப என் பழைய கேஸு?" என்றார் சண்முகம்.

"அது வேற கேஸு. அந்த மாட்டக் கூட்டிட்டு வா, பாப்போம்."

பையிலிருந்த சந்தனமும் பூவும் தேங்காயும் ஆனபிறகு ஒரு சடங்கு பாக்கியிருந்தது. பெயரைக் கூப்பிட வேண்டும். கூப்பிடுகிறவரோ கூடைக்குப் பக்கத்தில் நிற்கிறார். "நான் கூப்பிடுதேன்" என்று சண்முகம் ஒரு பாறைமேல் ஏறி, மலையைப் பார்த்து நெஞ்சு நிறைய மூச்சிழுத்தார். வாயைத் திறந்தார். மூடினார். இறங்கி வந்தார்.

"அண்ணாச்சி, ஒங்க பேரு என்ன?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எதையும் குறித்து வைக்கும் எனக்கே தெரியாது. என் போனில்கூட அவர் டவாலிதான்.

"அது எதுக்கு இப்ப?" என்றார் அவர். பிறகு புதுமணப்பெண் மாதிரித் தரையைப் பார்த்துக்கொண்டு, "வைத்திலிங்கம்" என்றார்.

"வைத்திலிங்கம்!" என்றார் சண்முகம். கோர்ட் குரல் இல்லை; பால்கோவா கிண்டுகிற குரல்தான். இரண்டாவது முறை நாங்களும் சேர்ந்துகொண்டோம். மூன்றாவது முறை மலையும் சேர்ந்துகொண்டது. எத்தனையோ ஆயிரம் பெயர்களை வாசலில் நின்று கூப்பிட்ட மனிதர், தன் பெயர் மலையில் பட்டுத் திரும்பி வருவதை முதல்முறையாகக் கேட்டுக்கொண்டு நின்றார். "ஆஜர்" என்று சொல்ல வேண்டும். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. கையை மட்டும் உயர்த்திக் காட்டினார். அன்று சண்முகம் கொண்டுவந்திருந்த பால்கோவாவை அவர்தான் முதலில் எடுத்தார்.

மறுநாள் காலை எழுந்ததும், பால் காய்ச்சுவதற்கு முன்பே, அவருக்குப் போன் செய்தேன். எடுத்ததும், "வைத்திலிங்கம், வைத்திலிங்கம், வைத்திலிங்கம்" என்றேன்.

அங்கே கட்டில் கிரீச்சிட்டது; எழுந்து நின்றிருப்பார்.

"ஆஜர்" என்றார். "ஏன் தம்பி லேட்டு?"