டன்னுக்கு எவ்வளவு?

"கடைசி இடமா? நாமளா?"

துப்புரவு மேஸ்திரி கடுதாசியை இன்னொரு தரம் படித்தார். எந்த நகராட்சி சிக்கனமாக வேலை செய்கிறது என்று மேலிடத்தில் அளந்திருக்கிறார்கள். ஒரு டன் குப்பை அள்ள என்ன செலவு? பக்கத்து ஊர் முதலிடம். இவர் ஊர் கடைசி. அடுத்த மாதமும் கடைசி என்றால் வேலை காண்ட்ராக்டருக்குப் போய்விடும். மேஸ்திரியும் அவருடைய பன்னிரண்டு ஆட்களும் வீட்டுக்கு.

"மொத்தச் செலவு எல்லா ஊருக்கும் ஒண்ணுதான்," என்றார் கமிஷனர். "உங்ககிட்ட குப்பைதான் கம்மி. எடை ஏறினாத்தான் ரேங்க் ஏறும்."

"ஊரு சுத்தமா இருக்கறது குத்தங்களா? எங்க தெருவுல சோத்தைக் கொட்டி அள்ளித் திங்கலாங்க!"

"தின்னுட்டா எடை இன்னும் குறையும் மேஸ்திரி."

மறுநாள் மேஸ்திரி ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். "குப்பையில நம்ம ஊரு கடைசிங்க! கொஞ்சம் தாராளமா போடுங்க!"

முதல் வரியிலேயே ஜனங்களுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மீதியை யார் கேட்டார்கள்? வாசலை இரண்டு வேளை பெருக்கினார்கள். காய்த்தோலைக் கொல்லையில் குழி வெட்டிப் புதைத்தார்கள். எடை பாதியானது.

"நீயாவது கொஞ்சம் குப்பை போடேன்டி," என்று வீட்டில் கெஞ்சினார்.

"மேஸ்திரி பொண்டாட்டி குப்பை போட்டாளாம்னு நாலு பேரு சிரிக்கவா? போய்யா!"

சந்து பொந்தெல்லாம் தேட இன்னொரு லாரி விட்டார். டீசல் செலவு இரட்டிப்பானது. கிடைத்தது ஒரு கிழிந்த பாய், ஒற்றைச் செருப்பு. ஆனாலும் ஆட்களிடம் மீசையைத் தடவிக்கொண்டார். "பாத்தீங்களாடா, ஊர எப்பிடி வெச்சிருக்கோம்!"

மாதம் முடிய இரண்டே நாள். வேறு வழியில்லாமல் பக்கத்து ஊர் குப்பைக் கிடங்குக்கே போனார். மலை மாதிரி குவிந்து கிடந்தது. லாரி டிரைவரை ஓரமாக இழுத்தார்.

"தம்பி, ஒரே ஒரு லோடு கைமாத்தா குடுப்பா. எங்க எடைமேடையில ஏத்திக் காட்டிட்டுத் திருப்பித் தந்துடறேன். உங்களுக்கென்ன, கொட்டிக் கிடக்கு. எங்க ஊர்ல வெளக்கு வெச்சுத் தேடினாலும் கிடைக்காது, தெரியும்ல?"

டிரைவர் தலையைச் சொறிந்தான்.

"ரெண்டு லோடாவே எடுத்துக்குங்கண்ணே. தெனமும் உங்க ஆளுங்க வர்றதுக்கு முன்னாடி உங்க தெருவுல நாங்க அள்ளிட்டு வந்ததுதானே எல்லாம்!"